ஒரு பல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு கதை சொல்ல முடியுமா?

கேள்வி இது: "மண்ணுக்கடியில் ஒரு பல்லும் நாலு எலும்பும் கிடைத்தால் போதும், இந்த விலங்கு இப்படி இருந்தது, இதைத் தின்றது, இப்படி முட்டையிட்டது என்று முழுக்கதையும் எழுதிவிடுகிறார்கள். அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ரீல்?"

சந்தேகம் நியாயமானதுதான். அருங்காட்சியகச் சுவரில் டைனோசருக்குப் பூசியிருக்கும் பச்சையும் பழுப்பும் பெரும்பாலும் ஓவியரின் கைவண்ணம். சினிமாவில் வரும் உறுமலும் அப்படியே. தோல் நிறமும் தொண்டையும் கல்லாக மாறி நிலைப்பது மிக அபூர்வம். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றில் உணவும் முட்டையும் வேறு வகை. அவற்றுக்குத் தடயம் உண்டு. அந்தத் தடயம் பல நேரம் எலும்பின் வடிவத்தில் இருப்பதில்லை. எலும்பு எந்த நிலையில் கிடந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்பதில் இருக்கிறது. நம் நாட்டுப் பாறைகளில் கிடைத்தவற்றையே எடுத்துக்கொள்கிறேன். அவை போதும், மிஞ்சும்.

குஜராத்தில் தோலி துங்ரி என்று ஓர் ஊர். 1980களின் தொடக்கத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தனஞ்ஜய் மொஹபே அங்கே டைனோசர் முட்டைகள் இருந்த ஒரு பாறைத் துண்டை எடுத்தார். முட்டைகளோடு சின்ன எலும்புகளும் ஒட்டியிருந்தன. முட்டையிலிருந்து வெளிவந்த டைனோசர் குஞ்சின் எலும்புகள் என்று 1987இல் எழுதினார். 2001இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜெஃப்ரி வில்சன் அதே கல்லைப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது முள்ளெலும்புகளின் மூட்டு. பாம்பின் முள்ளெலும்புகளில் ஒன்றை அடுத்ததோடு பிணைக்க வழக்கமான மூட்டுகளோடு கூடுதலாக ஒரு முளையும் அதற்கேற்ற குழியும் இருக்கும். எவ்வளவு வளைந்து நெளிந்தாலும் முதுகு முறுக்கிக்கொள்ளாமல் காப்பது அந்தப் பூட்டுதான். டைனோசர் குஞ்சுக்கு அந்தப் பூட்டு எதற்கு?

கல்லை மெல்ல மெல்லச் சுத்தம் செய்து பார்த்தபோது காட்சி துலங்கியது. மூன்று முட்டைகள். அவற்றில் ஒன்று நசுங்கியிருக்கிறது. நசுங்கிய அந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டு, சுருளின் மேல் தலையை வைத்தபடி ஒரு பாம்பு. பக்கத்திலேயே சுமார் அரை மீட்டர் நீளமுள்ள குஞ்சின் முன்பாதி எலும்புகள். பாம்பின் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். 2010இல் அதற்கு 'சனாஜே இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார்கள். காலம் ஏறக்குறைய 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

இப்போது உங்கள் கேள்வியைக் கேளுங்கள்: வெள்ளத்தில் அடித்துவந்த பாம்பு தற்செயலாக முட்டைமேல் வந்து விழுந்திருக்கக் கூடாதா? கூடும். ஆனால் செத்து அடித்துவரப்பட்ட பாம்பின் எலும்புகள் கலைந்து சிதறியிருக்கும். இதுவோ முள்ளெலும்பு ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தபடி, சுருள் கலையாமல் கிடக்கிறது. தவிர, அதே இடத்தில் முட்டையோடு பாம்பெலும்பு சேர்ந்து கிடந்த இடங்கள் வேறு சிலவும் உண்டு. ஒருமுறை நடந்தால் தற்செயல், திரும்பத் திரும்ப நடந்தால் பழக்கம். மழையில் சரிந்துவந்த சேறோ மணலோ பாம்பையும் கூட்டையும் ஒரேயடியாக மூடியிருக்கிறது என்பதுதான் பொருந்துகிறது.

எங்கே நிறுத்திக்கொண்டார்கள் என்பதையும் பாருங்கள். இன்றைய மலைப்பாம்பு போல வாயை அகலத் திறக்க இதன் தாடையமைப்பு இடம் கொடுக்காது. ஆகவே முட்டையை முழுசாக விழுங்கியிருக்க வாய்ப்பில்லை, பொரித்து வெளிவரும் குஞ்சுக்குக் காத்திருந்திருக்கும் என்றார்கள். வயிற்றுக்குள் குஞ்சு எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பேச்சே வேறு. தெலுங்கானாவின் மலேரிப் பாறைகளில் அப்படியே கிடைத்தது. முதலையைப் போன்ற உருவமுள்ள, ஆனால் முதலையல்லாத பாராசூக்கஸ் என்னும் ஊர்வன விலங்கின் எலும்புக்கூடுகளில், வயிறு இருந்த இடத்தில் மலேரிசாரஸ் என்ற சிறிய ஊர்வனவின் எலும்புகள் இருந்தன. டைனோசர்கள் இன்னும் பெருகாத டிரையாசிக் காலத்துச் சாப்பாடு அது. யார் யாரைத் தின்றார் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

முட்டை விஷயம் இன்னும் சுவாரசியம். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் படல்யா என்னும் கிராமத்தில், உருண்டையான கற்களை நிலத்தையும் மாட்டையும் காக்கும் 'காகர் பைரவ'ராக வைத்து வணங்கி வந்தார்கள். அவை டைட்டனோசர் என்னும் நீள்கழுத்துத் தாவர உண்ணி டைனோசரின் முட்டைகள் என்று 2023 கடைசியில் செய்தி வந்தது. அந்த வட்டாரமே ஒரு பிரசவ வார்டு போலத்தான். அதே ஆண்டு தொடக்கத்தில் வெளியான ஆய்வொன்று அங்கே 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் பதிவு செய்திருக்கிறது. கூடுகள் நெருக்க நெருக்கமாக இருக்கின்றன. அந்த அளவு உடம்பை வைத்துக்கொண்டு தாய் உள்ளே நடமாடினால் முட்டைகள் சட்னிதான். ஆகவே முதலைபோல ஆழமில்லாத குழியில் இட்டு மூடிவிட்டுப் போயிருக்க வேண்டும், கோழிபோல உட்கார்ந்து அடைகாத்திருக்க முடியாது என்கிறார்கள். அரண்மனை உயரத்தில் தாய், அவள் போட்ட முட்டையோ நம் இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிற 15, 17 சென்டிமீட்டர். அப்படிப் பிறந்த குஞ்சுகள் கவனிப்பாரில்லாமல் தாமாகவே பிழைத்துக்கொள்ள வேண்டிய நிலை. சனாஜே ஏன் அங்கே காத்துக் கிடந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

அங்கேயே கிடைத்த இன்னொரு முட்டை என்னை மிகவும் கவர்ந்தது. முட்டைக்குள் முட்டை. கோழி வளர்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும், எப்போதாவது ஒன்று அப்படி வரும். ஓடு போட்டு வெளியே வர வேண்டிய முட்டை கருக்குழாயில் பின்னோக்கித் தள்ளப்பட்டு, அடுத்து வருகிற முட்டைக்குள் சிக்கிக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்து மறுபடி ஓடு விழுகிறது. ஆமை, பல்லி போன்ற ஊர்வனவற்றில் ஓட்டின்மேல் ஓடு படிவது உண்டு, இப்படி முழு முட்டைக்குள் முட்டை பதிவானதில்லை. பறவைகளில்தான் உண்டு. அப்படியானால் டைட்டனோசரின் கருக்குழாய், முட்டைகளை ஒவ்வொன்றாக வரிசையில் இறக்கும் பறவைபோன்ற அமைப்பாக இருந்திருக்கலாம். சதை ஒரு துளிகூட மிஞ்சவில்லை. ஒரு பிசகிய முட்டை அந்தச் சதை எப்படி வேலை செய்தது என்று காட்டிக்கொடுக்கிறது. 2022இல் வெளிவந்த ஆய்வு இது.

சாணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கல்லாகிப்போன சாணம் ஏராளம். கரும்புத் தோகை கையைக் கிழிக்கிறதே, அது அந்த இலையில் இருக்கிற மணற்சத்தால், அதாவது சிலிக்காவால். புல்லினம் எல்லாவற்றிலும் இந்தச் சிலிக்கா நுண்ணிய துகள்களாக, இனத்துக்கு இனம் வேறு வேறு வடிவத்தில் இருக்கும். புல் செரித்துப்போனாலும் அந்தத் துகள் செரிக்காது. 2005இல் பிஸ்துரா சாணத்தைப் பொடித்துப் பார்த்தவர்களுக்குப் பலவகைப் புற்களின் துகள்கள் கிடைத்தன. டைனோசர்கள் அழிந்த பிறகுதான் புல் பெருகியது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். பல்லைப் பார்த்து 'தாவர உண்ணி' என்று மட்டும்தான் சொல்லியிருக்க முடியும். என்ன தாவரம் என்று சாணம் சொன்னது.

இனி பல்லுக்கே வருகிறேன். பல்லை வைத்துக் கதை சொல்வதாக நீங்கள் கிண்டல் செய்தது, பாலூட்டிகளைப் பொறுத்தவரை சரியான கிண்டல் இல்லை. ஊர்வனவும் பாலூட்டியும் பல் விஷயத்தில் நேர் எதிர். முதலைக்குப் பல் ஆயுள் முழுக்க விழுந்து விழுந்து முளைக்கும். எல்லாப் பற்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கூம்புகள். விழுந்து முளைக்கிற பல் மேலும் கீழும் அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை, கவ்வினால் போதும். பாலூட்டிக்குப் பால்பல் விழுந்து ஒரே ஒருமுறைதான் முளைக்கும். வெட்ட, கிழிக்க, அரைக்க என்று இடத்துக்கு ஒரு வடிவம், மேல் கடைவாயின் மேடு கீழ்க் கடைவாயின் பள்ளத்தில் உட்காரும். அந்த மேடுபள்ள அமைப்பு இனத்துக்கு இனம் மாறும். அதனால்தான் ஒரு கடைவாய்ப் பல்லைக் கையில் கொடுத்தால் பாலூட்டி ஆய்வாளர் குடும்பப் பெயர்வரை சொல்லிவிடுவார். ஒரு டைனோசர் பல்லை வைத்து அந்த அளவுக்குத் துல்லியமாகச் சொல்வது கடினம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு தெலுங்கானாவின் நஸ்கல். தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவிய காலத்தில், ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் குளம், புல், மரம், தவளை என்று உயிர் திரும்ப வந்திருக்கிறது. அந்த வண்டலை மூட்டை மூட்டையாக எடுத்து, நீரில் ஊறவைத்து, சல்லடையில் அலசி, எஞ்சிய மணலை நுண்ணோக்கியில் பொறுக்குவார்கள். சமையலறையில் அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான், கல்லில் பல் பொறுக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம். 1988இல் குண்டுபள்ளி பிரசாதும் அசோக் சாஹ்னியும் 'டெக்கனோலெஸ்டஸ்' என்ற பாலூட்டியை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். பிறகு கிடைத்த கணுக்கால் எலும்புகள் மரமேறும் விலங்கைக் காட்டின. டைனோசர்கள் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தபோதே, எரிமலை குமுறிய நிலத்தின் மரங்களில் எலியளவுப் பாலூட்டிகள் ஏறித் திரிந்திருக்கின்றன. படத்தில் யாரும் இவற்றை வரைவதில்லை, பாவம்.

பாலூட்டிக் கதையில் பல்லைவிடப் பெரிய சாட்சி காது. பாம்பு, ஓணான், முதலை எதை எடுத்தாலும் கீழ்த்தாடையில் பல எலும்புகள் உண்டு. நம் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒன்றுதான். மீதி எங்கே போயின? பள்ளியில் படித்திருப்பீர்கள்: நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி. இந்த மூன்றில் சுத்தியும் பட்டடையும் முன்னொரு காலத்தில் தாடை மூட்டு எலும்புகள். வயிற்றிலிருக்கும் சிசுவில் அவை தாடைக் குருத்தெலும்பிலிருந்தே உருவாவதைக் கருவியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார்கள். பின்னால் புதைபடிவங்களில் நடு நிலையும் கிடைத்தது. மோர்கனுகோடான் என்ற சுண்டெலியளவு விலங்குக்குப் பழைய தாடை மூட்டும் புதிய தாடை மூட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மெல்லுகிற வேலையைப் புதிய மூட்டு ஏற்றுக்கொள்ள, பழைய எலும்புகள் கேட்கிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தன. அம்மியாக இருந்தது வீணையானது மாதிரி.

அதே காதுதான் திமிங்கிலத்தின் பூர்வீகத்தையும் சொன்னது. இந்தக் கதையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஜம்முவில் கலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் எலும்புகள் செறிந்த பாறைகளைச் சேகரித்தார். 1971இல் சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து 'இந்தோஹயஸ்' என்று ஒரு விலங்குக்குப் பெயரிட்டார். மீதிப் பாறைகள் உடைபடாமலே இருக்க, அவர் காலமானார். அவருடைய மனைவி அந்தப் பாறைகளை அமெரிக்க ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் ஒப்படைத்தார். அவற்றைச் சுத்தம் செய்கையில் உதவியாளர் கை தவறி ஒரு மண்டையோட்டை உடைத்துவிட்டார். யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொள்கிற நேரம். ஆனால் உடைந்த இடத்தில் காதைச் சூழ்ந்திருக்கும் எலும்புக் குமிழ் தெரிந்தது. அதன் உட்சுவர் ஒரு பக்கம் அசாதாரணமாகத் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு அதுவரை திமிங்கிலங்களிடமும் அவற்றின் முன்னோர்களிடமும் மட்டுமே தெரிந்திருந்த அடையாளம்.

இந்தோஹயஸோ வீட்டுப் பூனையளவே உள்ள, குளம்புக் கால் விலங்கு. ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டுப் பழையது. பார்த்தால் மான்குட்டி என்பீர்கள். காது மட்டும் திமிங்கிலக் காது.

ஒரே ஒரு காதெலும்பை நம்பி நிற்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. கால் எலும்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள். வெளிச்சுவர் தடித்து, உள்ளே மச்சைக்குழி குறுகியிருந்தது. நீர்யானை போல நீருக்கடியில் நடக்கிற விலங்குக்கு மிதக்காமல் இருக்க அப்படிப்பட்ட கனம் வேண்டும். பல்லில் இருக்கும் ஆக்சிஜனின் கனமான வகை, லேசான வகை இரண்டின் விகிதத்தை அளந்தார்கள். தண்ணீரிலேயே நேரம் கழிக்கிற விலங்குக்கும் தரையில் திரிகிற விலங்குக்கும் அந்த விகிதம் மாறும். அதுவும் தண்ணீர்ப் பக்கமே கை காட்டியது. என்ன தின்றது என்பதைக் காட்டும் கார்பன் கணக்கு மட்டும் ஆதித் திமிங்கிலங்களோடு ஒத்துப்போகவில்லை. அதாவது தண்ணீரில் இருந்தது, ஆனால் மீன் தின்னவில்லை. பின்னே தண்ணீரில் என்ன வேலை? ஒளிவதுதான் என்று தெவிசன் சொன்னார். ஆப்பிரிக்காவில் ஒருவகைச் சருகுமான் இன்றும் அதைச் செய்கிறது. கழுகைக் கண்டால் ஓடைக்குள் குதித்து அடியிலேயே நடந்து தப்பிக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சருகுமானின் உறவுதான் அது. 2007இல் இந்த ஆய்வு வெளிவந்தது. காது, எலும்பின் குறுக்குவெட்டு, பல்லின் வேதியியல் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சாட்சிகள் ஒரே பக்கம் சேர்ந்தால்தான் நானும் நம்புவேன். ஒளிய வந்தது என்பது மட்டும் அனுமானம். நல்ல அனுமானம், அவ்வளவே.

ஆதித் திமிங்கிலங்கள் நீந்திய கட்ச் கரையில் பாம்பும் இருந்தது. பனந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முள்ளெலும்புகளை வைத்து 2024இல் 'வாசுகி இண்டிகஸ்' என்று பெயர் சூட்டினார்கள். நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை. இந்த 'முதல், வரை' என்பதைக் கவனியுங்கள், செய்தித்தாள் தலைப்பில் பெரிய எண் மட்டும்தான் வரும். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, ஊர் வெயில்தான் அதற்கு அடுப்பு. அவ்வளவு பெரிய பாம்பு பிழைக்க ஊர் எவ்வளவு சூடாக இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ஆண்டுச் சராசரி 28 டிகிரி செல்சியஸ் அளவில் வந்தது. ஊர்வனவின் எலும்பு சில நேரம் வெப்பமானியும் ஆகிவிடுகிறது.

சரி, ரீல் எங்கே? அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அது நம் அரியலூரிலேயே இருக்கிறது. கல்லமேடு பகுதியில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளுக்கு 1987இல் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் என்று பதிவு. முதலில் இறைச்சியுண்ணி என்றார்கள். பின்னால் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள். எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கலாம் என்று கேட்டவர்களும் உண்டு. பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கிறது, ஆகவே கேள்வி அபத்தமில்லை. திரும்பப் பார்க்கலாம் என்றால் எலும்புகள் உதிர்ந்து மண்ணாகிப் போய்விட்டன. 2022இல் பழைய புகைப்படங்களை வெளியிட்டு அவை எலும்புகள்தான் என்று வாதாடியிருக்கிறார்கள். இதுவரை வாழ்ந்ததிலேயே மிகப் பெரிய தரை விலங்குகளில் ஒன்றாக அது இருக்கலாம். ஆனால் எடை இத்தனை டன் என்று யாராவது அடித்துச் சொன்னால் அங்கே உங்கள் சந்தேகத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதே கல்லமேட்டில் கிடைத்த சின்னஞ்சிறு பற்கள் இதைவிட உறுதியான செய்தி சொல்கின்றன. மடகாஸ்கரில் வாழ்ந்த ஒருவகைக் குட்டை முதலையின் பல்லை அப்படியே ஒத்த பல் அங்கே கிடைத்திருக்கிறது. இரண்டு நிலமும் ஒட்டியிருந்த காலத்து உறவு அது.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 'டைனோசர் முட்டை' என்று வாட்சப்பில் பரவியதும் நினைவிருக்கும். கடலடி வண்டல் உருண்டு திரண்ட கற்கள் அவை. அம்மோனைட் என்னும் சுருள்கூட்டுக் கடலுயிரிகளின் ஊர் அது, அந்தக் காலத்தில் அங்கே கடல். உண்மையான முட்டையென்றால் உடைந்த விளிம்பில் மெல்லிய ஓடும், ஓட்டில் மூச்சுத்துளைகளும் உருப்பெருக்கியில் தெரியும். உருண்டையாக இருப்பது மட்டும் போதாது.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தீர்கள், அரியலூர்ப் பக்கம் போனால் எதையாவது எடுத்துவரலாமா என்று. வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். காரை ஓடைகளில் மழைக்குப் பிறகு பெலம்னைட் என்னும் பழைய கணவாய் உறவின் குச்சிகள் காலில் தட்டுப்படும். எலும்பு மாதிரி எதையாவது கண்டால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, கல் கிடக்கிற நிலையிலேயே படம் எடுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று சுற்றுப்புறத்தோடு இன்னொரு படம். போனில் இடக்குறியீட்டைச் சேமித்துவிட்டு அருங்காட்சியகத்துக்கோ பக்கத்துக் கல்லூரியின் புவியியல் துறைக்கோ அனுப்புங்கள். தோலி துங்ரிக் கல்லிலிருந்து யாராவது அழகான முட்டை ஒன்றை மட்டும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தால், பாம்பு அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று இன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது.